ஏழாம் வகுப்பு இங்கிலீஷ்: போர்ஷனும் முடியணும், பிள்ளைகளும் வாய் திறக்கணும். லெசன் பிளான் எப்படிப் போடறீங்க?

ஸ்ரீராமபுரம்_மிஸ் | திங்கள், இரவு

வணக்கம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இந்த ஜூனில் சேர்ந்திருக்கிறேன். ஸ்டேட் சிலபஸ், ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ். வகுப்பில் ஐம்பதை ஒட்டிப் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தமிழ், மற்றவர்கள் வீட்டில் கன்னடம், தெலுங்கு, உருது. தெருவில் விளையாடும்போது நாலு பாஷையும் மாறி மாறிப் பேசுகிற பிள்ளைகள், இங்கிலீஷ் பீரியட் வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரத்துக்கான லெசன் பிளான் எழுதி எச்.எம். கையெழுத்து வாங்கணும். இந்த வருஷம் அதில் 'எதிர்காலத் திறன்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் அதில் 'சிந்தனைத் திறன், தகவல் தொடர்பு' என்று எழுதிவிடுகிறோம். வகுப்பில் நடப்பது என்னவோ பாடத்தை வாசிப்பது, அர்த்தம் சொல்வது, கேள்வி பதிலைப் போர்டில் எழுதிப் போடுவதுதான். விளையாட்டு ஏதாவது வைத்தால் சத்தம் வருகிறது, சிரிப்பு வருகிறது, இங்கிலீஷ் வருவதில்லை.

நாற்பது நிமிஷப் பீரியடை நிஜமாகவே உபயோகமாக எப்படித் திட்டமிடுவது? வகுப்பில் நின்று பாடம் எடுக்கிறவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

காக்ஸ்டவுன்_அப்பா | திங்கள், இரவு

மிஸ், நான் வாத்தியார் இல்லை, பிள்ளையைப் பெற்றவன். என் பொண்ணு எட்டாவது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் இரண்டாம் மொழி என்றால் 100 மார்க்கில் 80 எழுத்துப் பரீட்சை, 20தான் பள்ளியில் போடுவது. அந்த 80ஐ மனசில் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். 'ஆக்டிவிட்டி' என்று சார்ட் பேப்பரும் கலர் பென்சிலும் வாங்கிவரச் சொல்கிறார்கள். ராத்திரி உட்கார்ந்து அதை ஒட்டுவது என் மனைவி. கிராமர் நோட்டு காலியாகக் கிடக்கிறது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாமல்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம். விளையாட வீட்டில் தெரு இருக்கிறது.

அல்சூர்_ஏரிக்கரை | செவ்வாய், காலை

தங்கச்சி, அந்தக் கட்டத்தைக் கடைசியில் நிரப்பு. முதலில் ஒரு வெள்ளைத்தாளில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது: மணி அடிக்கும்போது பிள்ளைகள் இங்கிலீஷை வைத்து எதைச் செய்து முடித்திருப்பார்கள்? 'மூன்றாம் பாடம், முதல் நாலு பத்தி' என்பது நீ செய்கிற வேலை. பிள்ளை செய்கிற வேலை என்ன என்பது எழுதப்படாமலே போவதால்தான் பீரியடில் பிள்ளைக்கு வேலையே இருப்பதில்லை.

காக்ஸ்டவுன் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சார்ட் ஒட்டுவதில் இங்கிலீஷ் இல்லை, பசைதான் இருக்கிறது. பிள்ளைக்குக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்கணும், அதைக் கண்டுபிடிக்க இங்கிலீஷை வாசித்தே தீரணும், கேட்டே தீரணும் என்ற நிலை இருக்கணும். அப்படி இருந்தால் விளையாட்டே தேவையில்லை. பிள்ளைகள் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்கள்.

உன் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருப்பதை வைத்துச் சொல்கிறேன். நம்ம மெட்ரோ வரைபடத்தை ஒரு பக்கத்தில் அச்செடு, பெஞ்சுக்கு ஒன்று போதும். போர்டில் இங்கிலீஷில் ஒரு சின்னக் குறிப்பு எழுது. ஓர் அம்மா ஸ்ரீராமபுரம் ஸ்டேஷனில் ஏறுகிறார். டிரினிட்டி ஸ்டேஷனில் காலை 10 மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததுக்கும் 2 நிமிஷம், லைன் மாற 5 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கடைசியாக எத்தனை மணி வண்டியைப் பிடிக்கலாம்?

இதை முதலில் நீயே வகுப்பு முழுவதோடும் சேர்ந்து செய். எங்கே ஏறுகிறார், எந்த லைன், எங்கே மாறணும், எத்தனை ஸ்டேஷன் என்று கேள்விமேல் கேள்வி, எல்லாம் இங்கிலீஷில். பச்சை லைனில் மெஜஸ்டிக்குக்கு இரண்டு, அங்கே மாறி ஊதா லைனில் டிரினிட்டிக்கு ஐந்து, ஆக ஏழு. 14 நிமிஷமும் மாறுவதற்கு 5 நிமிஷமும். 9.41 வண்டி. யாராவது ஒரு பிள்ளை 'மிஸ், மெஜஸ்டிக்கில் அடுத்த வண்டிக்கு நிக்கணுமே' என்பான். அவன் அதைத் தமிழில் சொன்னாலும் சரி, கன்னடத்தில் சொன்னாலும் சரி, அதை இங்கிலீஷாக்கிப் போர்டில் எழுது. கணக்கைத் திருத்து. அன்றைக்கு உன் வகுப்பில் நடந்த உண்மையான சிந்தனை அதுதான்.

அதற்கப்புறம் அதே மாதிரி வேறொரு கணக்கு, இந்தத் தடவை ஒவ்வொருவரும் தனியாக. ராஜாஜிநகரிலிருந்து இந்திராநகர், 11 மணிக்கு இன்டர்வியூ. பதிலை அந்த அண்ணனுக்கு அனுப்புகிற மெசேஜாக இங்கிலீஷில் நாலு வரி எழுதணும். எங்கே ஏறணும், எங்கே மாறணும், எத்தனை மணிக்குள் கிளம்பணும், ஏன்.

'எதிர்காலத் திறன்' கட்டத்தைப் பற்றிச் சொன்னாயே, அதில் இப்போது எழுது: 'தரப்பட்ட நிபந்தனைகளை ஒன்றாக வைத்து முடிவெடுத்து, அதற்குக் காரணம் சொல்லுதல்.' எச்.எம். வகுப்புக்கு வந்து பார்த்தாலும் அதுதான் நடந்துகொண்டிருக்கும்.

ஸ்ரீராமபுரம்_மிஸ் | செவ்வாய், மதியம்

அக்கா, படித்ததும் நாளைக்கே செய்து பார்க்கத் தோன்றுகிறது. தனியாகத்தான் செய்யணுமா? குரூப்பாகச் செய்தால்தான் கூடிச் செயல்படும் திறன் வரும் என்று டிரெயினிங்கில் சொன்னார்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | செவ்வாய், மாலை

மேலே அம்மணி சொன்ன முறைக்கு நம் ஊர்ப் பெயரே உண்டு என்பது இந்த இழையில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும். உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியப் பயிற்சியில் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். என்.எஸ். பிரபு என்பவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தபோது, இங்கே உள்ள ரீஜினல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை நடத்திய முயற்சி. அந்த இன்ஸ்டிட்யூட் 1963இல் தொடங்கியது, ஞானபாரதி வளாகத்தில் இன்றும் தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக ஏற்றுவது. இன்றைக்கு ஒரு அமைப்பு, நாளைக்கு இன்னொன்று, நூறு தடவை சொல்லவைப்பது. வகுப்பில் சரியாகச் சொல்லும் பிள்ளை வாசலைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பிரபு கேட்டது: பிள்ளையின் கவனம் பொருளில் இருந்தால் இலக்கணம் அதன் வழியாகவே உள்ளே போகாதா? அதற்காகப் பாடத்திட்டத்தில் இலக்கண வரிசையையே எடுத்துவிட்டு, ரயில் அட்டவணை, வரைபடம், கணக்கு என்று வேலைகளை வரிசைப்படுத்தினார்.

அவர் மூன்று விதமாகப் பிரித்தார். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லை, கேட்டு வாங்கணும் என்பது ஒன்று. இருக்கும் தகவலிலிருந்து யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. மெட்ரோ கணக்கு அந்த வகை. சொந்தக் கருத்தைச் சொல்லி நியாயப்படுத்துவது மூன்றாவது. வகுப்பறையில் நடுவில் உள்ளதே மிக நன்றாக வேலை செய்கிறது என்பது அவர் கண்டது. பதில் சரியா தப்பா என்று பிள்ளைக்குத் தெரியும், ஆனால் கொஞ்சம் முயன்றால்தான் கிடைக்கும். வகுப்பில் குறைந்தது பாதிப் பேராவது வேலையில் பாதியாவது முடிக்கிற அளவுக்குக் கடினம் இருக்கணும் என்பதே அவர் வைத்த அளவு. இன்றைக்கும் இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை.

குரூப் பற்றிக் கேட்டீர்கள். பிரபு குரூப் வேலையை நம்பவில்லை. ஒரே அளவு அரைகுறை மொழியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசினால் அந்த அரைகுறையே படிந்துவிடும் என்று நினைத்தார். ஆசிரியரோடு எல்லோரும் சேர்ந்து ஒன்று, பிறகு தனியாக ஒன்று, இதுதான் முறை. பக்கத்துப் பையனைக் கேட்டால் தடுக்கவும் இல்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1985இல் பெரெட்டா, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதன் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகள் முன்னால், வேலைவழித் தேர்வில் புதிய முறை வகுப்புகள் முன்னால். இரண்டுக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் புதிய முறைக்குச் சாதகம் தெரிந்தது. வெற்றி என்று முரசு கொட்டுகிற அளவுக்கு இல்லை. ஆனால் இலக்கணம் நடத்தாமலே பிள்ளைகள் பின்தங்கிப் போகவில்லை என்பது பெரிய விஷயம்.

காக்ஸ்டவுன்_அப்பா | செவ்வாய், இரவு

ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், இலக்கணத் தேர்வில் பழைய முறைதான் முன்னால் என்று. எஸ்.எஸ்.எல்.சி. இலக்கணம் கேட்கிறதே. என் பொண்ணுக்கு மெட்ரோ வரைபடம் வரவா போகிறது?

அல்சூர்_ஏரிக்கரை | செவ்வாய், இரவு

சார், உங்கள் கவலைதான் என் வகுப்புப் பெற்றோர் எல்லோருடைய கவலையும். அதனால் நான் பிரபு சொன்னதை அப்படியே பின்பற்றுவதில்லை. பிள்ளைகள் மெசேஜ் எழுதுகிற நேரத்தில் நான் வரிசைக்குள் நடந்துகொண்டே அவர்கள் எழுதிய தப்பு வாக்கியங்களை என் நோட்டில் குறித்துக்கொள்வேன். யார் எழுதியது என்று சொல்லாமல் ஐந்து வாக்கியத்தைப் போர்டில் எழுதுவேன். கடைசி எட்டு நிமிஷம் அவற்றைத் திருத்துவதுதான் வகுப்பின் வேலை. 'ஷி சேஞ்ச் தி டிரெயின்' என்று எழுதியிருந்தால் அந்த 'எஸ்' எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள். தாங்கள் சொல்ல நினைத்த ஒன்றைச் சரியாகச் சொல்வதற்கான இலக்கணம் என்பதால் அது மனசில் நிற்கிறது. கைடில் உள்ள ஐம்பது கோடிட்ட இடத்தை நிரப்பினாலும் இது வராது.

80 மார்க் பேப்பரையும் எடுத்துப் பாருங்கள். தெரியாத பத்தியைக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்வது, கடிதம், குறிப்பை வைத்து எழுதுவது. இவற்றை மனப்பாடம் காப்பாற்றாது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குப் பேசுவதற்கும் கேட்பதற்கும் உள்மதிப்பீட்டில் 5 மார்க் தனியாகவே இருக்கிறது. நான் பரீட்சைக்கு எதிரி இல்லை சார். போர்ஷனும் முடிக்கிறேன். வாரத்தில் ஆறு பீரியட் என்றால் இரண்டு இந்த மாதிரி, நாலு பாடப்புத்தகம். அந்த இரண்டு நடந்தால் மற்ற நாலும் வேகமாக ஓடுகிறது.

ஒயிட்ஃபீல்டு_ஷட்டில் | புதன், காலை

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கிற பக்கம் இருக்கிறேன். எதிர்காலத் திறன் என்று பேசுவதால் எங்கள் ஆபீஸில் என்ன நடக்கிறது என்று சொல்லலாம் என்று தோன்றியது.

கிராமர் தப்புக்காக யாரையும் நாங்கள் நிராகரிப்பதில்லை. வேலைக்கு வந்த பிறகு தடுமாறுவது வேறு இடத்தில். காலையில் பத்து நிமிஷ மீட்டிங்கில் 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று மூன்று விஷயம் சொல்லணும். மூன்றாவதைச் சொல்லவே மாட்டார்கள். மாட்டிக்கொண்டதைச் சொல்வது அவமானம் என்று நினைத்து நாலு நாள் தனியாக உழல்வார்கள். வெளிநாட்டுக்காரர் வேகமாகப் பேசினால் 'புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்க வாய் வராது. தலையை ஆட்டிவிட்டு மீட்டிங் முடிந்ததும் என்னிடம் தமிழில் கேட்பார்கள்.

டீச்சர்களுக்கு என் வேண்டுகோள்: கேள்வி கேட்பதை ஒரு திறனாகவே சொல்லிக்கொடுங்கள். பதில் சொல்கிற பிள்ளைக்கு மார்க் போடுவதுபோல், நல்ல கேள்வி கேட்கிற பிள்ளைக்கும் போடுங்கள். ஏழாவதிலேயே அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிற்பாடு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குக் கொட்டுகிற பணம் மிச்சம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | புதன், காலை

இதோடு சேர்த்து ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. அங்கே தாய்மொழியிலேயே அந்த நிலை. நம் பிள்ளை தமிழில் நினைத்து, இங்கிலீஷில் சொல் தேடி, வெட்கத்தைத் தாண்டி வாயைத் திறக்கணும். ஐந்து விநாடியாவது கொடுங்கள். லெசன் பிளானிலேயே 'காத்திரு' என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கன்னடமீடியம்_அண்ணன் | புதன், இரவு

வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னட மீடியம், இங்கிலீஷ் ஒரு பாடம் மட்டும். அப்படிப் படித்து இப்போது ஒரு பேங்கில் வேலை பார்க்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வந்தது ஒரு சாரால். அவர் வகுப்பில் யோசிப்பதற்கு எந்தப் பாஷைக்கும் தடை இல்லை. 'ஐந்து நிமிஷம் உங்க பாஷையில பேசி முடிவு பண்ணுங்க, போர்டுக்கு வரும்போது இங்கிலீஷ்ல வாங்க' என்பார். என்ன சொல்லணும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி. இங்கிலீஷ்லதான் பேசணும், மீறினால் அபராதம் என்று சொல்லும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே பிள்ளை இங்கிலீஷும் பேசுவதில்லை, யோசிப்பதையும் நிறுத்திவிடுகிறது. நாலு பாஷை தெரிந்த பிள்ளையை ஒரு பாஷை தெரியாத பிள்ளையாக நடத்தாதீர்கள் மிஸ்.

ஸ்ரீராமபுரம்_மிஸ் | புதன், இரவு

அண்ணா, இது எனக்குப் பெரிய தைரியம். எங்கள் பள்ளியிலும் கிட்டத்தட்ட அந்த விதிதான். யோசிக்கிற ஐந்து நிமிஷத்தைப் பிளானிலேயே எழுதி எச்.எம்.மிடம் விளக்கப் போகிறேன்.

பாடப்புத்தகக் கதைகளை என்ன செய்வது? அவை ரெண்டு பக்கம், மூணு பக்கம் ஓடுகின்றன. வாசித்து அர்த்தம் சொல்லாமல் எப்படி?

அல்சூர்_ஏரிக்கரை | வியாழன், காலை

அர்த்தம் சொல்லிக்கொண்டே போனால் கதை செத்துப்போகும். கதையில் ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடம் எங்கே வருகிறது என்று பார். அந்த வரியோடு நிறுத்து. புத்தகத்தை மூடச் சொல். அவர் என்ன செய்வார், எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்? பிள்ளை புத்தகத்தைத் திறந்து பின்னாடி போய் அந்த வரியைத் தேடும். நீ சொல்லாமலே இரண்டாம் தடவை வாசிப்பு நடந்துவிடும். பிறகு மீதிக் கதையை வாசிப்பதற்கு யாரையும் அதட்டவேண்டியதில்லை, யார் சொன்னது சரி என்று பார்க்க அவர்களே அவசரப்படுவார்கள்.

நீளமான பாடம் என்றால் நாலாகப் பிரி. பெஞ்சுக்கு ஒரு துண்டு. முதலில் ஒரே துண்டு கிடைத்தவர்கள் சேர்ந்து புரிந்துகொள்ளட்டும். பிறகு நாலு துண்டுக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தன் பங்கைச் சொல்லட்டும். எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் இதைத் தொடங்கியபோது காரணம் வேறு. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வழிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை முடியாது என்று ஆக்கியதும் மோதல் குறைந்தது. வாத்தியார் ஐயா பிரபுவைப் பற்றிச் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு இடத்தில் குரூப் தேவை என்பேன். நம் பிள்ளைகளும் தமிழ் பெஞ்சு, உருது பெஞ்சு என்று தனித்தனியாகத்தானே உட்காருகிறார்கள். ஐம்பது பேரை நகர்த்துவது சிரமம்தான், அதனால் மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

வீட்டில் வாசிக்க ஒன்று சொல்கிறேன், இது காக்ஸ்டவுன் சாருக்கும் சேர்த்து. நம்ம ஊர் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். அச்செடுக்கலாம், பகிரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். அம்மா தமிழில் வாசிக்கட்டும், பிள்ளை அதையே இங்கிலீஷில் வாசிக்கட்டும். இங்கிலீஷ் தெரியாத வீட்டிலும் இது நடக்கும். ஏழாவது படிக்கிறான் என்பதற்காக நாலாம் நிலையில் தொடங்காதே. தடங்கல் இல்லாமல் வாசிக்கிற நிலையில் தொடங்கு. வரிக்கு வரி டிக்‌ஷனரி பார்க்கிற வாசிப்பில் யாருக்கும் ருசி வராது.

மர்ஃபிடவுன்_டியூஷன் | வியாழன், மாலை

அக்கா, என் டியூஷன் பிள்ளைகள் ஹோம்வொர்க்கை ஃபோனில் சாட்ஜிபிடியைக் கேட்டு அப்படியே எழுதிவருகிறார்கள். 2022 நவம்பரில் அது வந்தபோது கட்டுரைக்கு இனி மதிப்பில்லை என்று நினைத்தேன். தடுக்கவும் முடியவில்லை, விடவும் மனசு வரவில்லை. இனிமேல் எழுதக் கற்றுக்கொடுப்பதில் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டு_ஷட்டில் | வியாழன், இரவு

நாங்களும் தினமும் அதைப் பயன்படுத்துகிறோம். எங்களுக்கு இப்போது வேண்டியது அது எழுதித் தந்ததை வாசித்து 'இது தப்பு, இது தேவையில்லை, இது நம்ம விஷயத்துக்குப் பொருந்தாது' என்று சொல்லத் தெரிந்த ஆள். அதற்கு முன்னைவிட அதிகமாக வாசிப்பு வேண்டும், சொந்தக் கருத்து வேண்டும். இரண்டும் இல்லாதவர் அது தந்ததை அப்படியே அனுப்பி மாட்டிக்கொள்கிறார்.

அல்சூர்_ஏரிக்கரை | வியாழன், இரவு

தம்பி, அதை வகுப்புக்குள்ளேயே கொண்டுவா. லீவ் லெட்டரையே எடுத்துக்கொள். காய்ச்சலுக்கு லீவ் கேட்டு ஃபோன் எழுதித் தந்த கடிதத்தைப் போர்டில் போடு. அக்காவுக்குக் கல்யாணம், நாலு நாள் வேணும், நடுவில் ஒரு நாள் யூனிட் டெஸ்ட் என்று நிலைமையை மாற்று. எந்த வரி இருக்கலாம், எந்த வரி நம்ம எச்.எம்.முக்கு அதிகப்படி, எதைச் சேர்க்கணும்? பிள்ளைகள் வரிவரியாக வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொல்லணும்.

கட்டுரைத் தலைப்பையும் மாற்று. 'மரங்களின் பயன்' என்று கொடுத்தால் ஃபோன்தான் எழுதும். 'உங்க தெருவில் பத்து வருஷத்துக்கு மேல் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிவா' என்று கொடு. தமிழிலோ கன்னடத்திலோ பேசி, இங்கிலீஷில் எழுதட்டும். மர்ஃபி டவுன் சந்தில் தையல்கடைக்காரர் என்ன சொன்னார் என்பது ஃபோனுக்குத் தெரியாது.

இன்னொரு வேலை என் வகுப்பில் நன்றாக நடந்தது. 2024 மார்ச்சில் போர்வெல் வற்றித் தண்ணி லாரிக்கு நின்றது பிள்ளைகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். அந்தச் செய்தியை எளிய இங்கிலீஷில் எட்டு வரியாக எழுதி வாசிக்கக் கொடுத்தேன். அப்புறம் கணக்கு: 40 வீடு உள்ள கட்டடத்துக்கு 6,000 லிட்டர் லாரி இரண்டு வருகிறது. வீட்டுக்கு 300 லிட்டர் என்று சமமாகப் பிரிக்கலாமா? ஒரு வீட்டில் இரண்டு பேர், இன்னொன்றில் ஏழு பேர், கீழே ஒரு கிளினிக். ஒருவன் ஆளுக்கு இத்தனை என்றான், ஒரு பொண்ணு கிளினிக்குக்கு முதலில் என்றாள், கைக்குழந்தை உள்ள வீட்டை ஏன் விட்டீர்கள் என்று இன்னொருத்தி எழுந்தாள். இங்கிலீஷ் உடைந்து உடைந்துதான் வந்தது. ஆனால் ஒருவர்கூட 'மிஸ், என்ன சொல்லணும்?' என்று என்னைக் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நெறியாளர் | வெள்ளி, காலை

பள்ளிப் பெயர், பிள்ளைகளின் பெயர், படங்கள் எதையும் இங்கே போடவேண்டாம். பயிற்சித்தாள்களைப் பகிரலாம்.

ஸ்ரீராமபுரம்_மிஸ் | வெள்ளி, இரவு

மெட்ரோ பாடம் இன்றைக்கு நடத்தினேன். அக்கா சொன்ன மாதிரியே ஒரு கேள்வி நிஜமாகவே வந்தது, மெஜஸ்டிக்கில் இறங்கி நடக்க என் பாட்டிக்கு 5 நிமிஷம் போதாது என்று ஒரு பையன் சொன்னான். அதை இங்கிலீஷில் போர்டில் எழுதினேன், எல்லோரும் கணக்கை மாற்றினார்கள். மெசேஜைப் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதி முடித்தார்கள். போர்ஷனில் ஒரு பீரியட் பின்னால்தான் இருக்கிறேன், சமாளித்துவிடலாம்.

ஒன்று மட்டும் கேட்கணும். கடைசி பெஞ்சில் நாலைந்து பேர் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டார்கள், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள், ஆனால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதவில்லை, பேசவும் இல்லை. அவர்களுக்கு என்ன செய்வது? மார்க் எப்படிப் போடுவது?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி, காலை

கணக்கு சரியென்றால் முழு மார்க் போடுங்கள். பிரபுவின் வகுப்புகளிலும் பதில் சரியா என்றுதான் பார்த்தார்கள், வாக்கியம் சரியா என்று அல்ல. நீங்கள் இங்கிலீஷில் கேட்டதும் எழுதியதும் அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கணக்கு எப்படி வரும்? வாசிப்பும் கேட்பதும் வந்துவிட்டது. பேச்சு பின்னால் வரும்.

பேசவைக்க ஒரு வழி. நியூசிலாந்தின் பால் நேஷன் என்ற மொழியியலாளர் பரவலாக்கிய 4-3-2 என்ற பயிற்சி. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நாலு நிமிஷம், இன்னொருவரிடம் மூணு, மூன்றாமவரிடம் இரண்டு. விஷயம் மாறாததால் ஒவ்வொரு தடவையும் வாய் இளகும். ஏழாம் வகுப்புக்கு நாலு நிமிஷம் ரொம்ப அதிகம். ஒன்றரை, ஒன்று, அரை என்று குறைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் ஒருவர்தான், வகுப்பு முழுக்க இல்லை. அதனால் கடைசி பெஞ்சுக்குப் பயம் குறையும்.

அல்சூர்_ஏரிக்கரை | சனி, காலை

அந்தப் பிள்ளைகளைத் திங்கட்கிழமையே எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்லாதே தங்கச்சி. மெசேஜில் பாதியை நீ எழுதிக் கொடு, ஸ்டேஷன் பெயரும் நேரமும் மட்டும் அவர்கள் நிரப்பட்டும். அடுத்த வாரம் வாக்கியத்தின் பின்பாதியை, அதற்கடுத்த வாரம் முழு வரியை அவர்களிடம் விடு. தண்ணி லாரித் தாளை இன்று மதியம் இங்கே ஏற்றுகிறேன். கிளினிக் வரியை மட்டும் உன் வகுப்புக்குத் தகுந்தமாதிரி மாற்றிக்கொள்.

காக்ஸ்டவுன்_அப்பா | சனி, மதியம்

டீச்சர், அந்தத் தாளை ஏற்றும்போது எட்டாவதுக்கும் சேர்த்து ஒன்று போட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பொண்ணோடு உட்கார்ந்து செய்து பார்க்கிறேன். கிராமர் திருத்துகிற அந்தக் கடைசி எட்டு நிமிஷம் மட்டும் எனக்கு வராது. அவள் எழுதியதை இங்கே தட்டச்சு செய்து போடுகிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை | சனி, மதியம்

போடுங்கள் சார், நான் பார்க்கிறேன். எட்டாவதுக்கு லாரி ஒன்று தாமதமாக வருகிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதலில் அவள் உங்களுக்குத் தமிழில் தீர்வு சொல்லட்டும், நீங்கள் ஒத்துக்கொள்ளாதமாதிரி இரண்டு கேள்வி கேளுங்கள், அதற்கப்புறம் எழுதட்டும்.